வயர்லெஸ் என்றதும் ஏன் இந்தப் பயம்?



ஹாம் ரேடியோ போட்டிகளில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இறங்க வேண்டும் என்று போன கிழமை நான்கு வரி எழுதினேன். கொமன்டிலும் இன்பொக்ஸிலும் வந்ததை எல்லாம் சுருக்கினால் நான்கு விஷயம்தான். "டீச்சர், வயர்லெஸ் வேலை நமக்கு எதுக்கு? யாராவது விசாரிச்சு வந்தா என்ன செய்ற?" "வாட்ஸ்அப் இருக்கிற காலத்துல இது என்ன பைத்தியம்?" "ஓஎல் பிள்ளைகள்ட நேரத்தை வீணாக்காதீங்க." "இது காசுக்காரன்ட விளையாட்டு."

நான்குக்கும் பதில் சொல்கிறேன். காக்காமார், ராத்தாமார் மனம் நோக வேண்டாம். ஆனால் மழுப்பிப் பேசவும் எனக்கு வராது.

முதலில், போட்டி என்றால் என்ன என்று பார்ப்போம். எதிர்த்து எழுதிய பலருக்கு அதுவே தெரியவில்லை.

உலகத்தில் பெரியது 'சீக்யூ வேர்ல்ட் வைட்' போட்டி. குரலில் பேசும் போட்டி ஒக்டோபர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியில் நடக்கும். மோர்ஸ் குறியீட்டுப் போட்டி நவம்பரின் கடைசி முழு வார இறுதியில். இரண்டும் 48 மணித்தியாலம். நம் நேரப்படி சனி காலை 5.30க்குத் தொடங்கி திங்கள் காலை 5.30க்கு முடியும். அந்த நேரத்துக்குள் எத்தனை நாடுகளோடு தொடர்பு எடுக்க முடியுமோ எடுக்க வேண்டும். நடுவில் டவரும் இல்லை, கேபிளும் இல்லை. உங்கள் அன்டெனாவிலிருந்து போகும் அலை மேலே அயன மண்டலத்தில் பட்டு வளைந்து, பிரேசிலில் ஒருவருடைய அன்டெனாவுக்கு இறங்குகிறது.

பேச்சும் நீளம் இல்லை. இரண்டு பேரும் தங்கள் அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும். 4எஸ்7 என்று தொடங்கினால் அது இலங்கை. பிறகு "ஃபைவ் நைன், டுவென்டி டூ". 59 என்பது சிக்னல் எவ்வளவு தெளிவு என்பது. 22 என்பது உலகத்தை 40 வலயமாகப் பிரித்ததில் இலங்கை இருக்கும் வலயம். அவர் தன் வலயத்தைச் சொல்வார். எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் போக வேண்டியதுதான்.

வேறு கண்டத்து நிலையம் என்றால் 3 புள்ளி. ஆசியாவுக்குள் வேறு நாடு என்றால் 1. மொத்தப் புள்ளியை, ஒவ்வொரு அலைவரிசையிலும் பிடித்த நாடுகளும் வலயங்களும் சேர்ந்த எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். ஐரோப்பாவோடு 200 தொடர்பு எடுத்தால் 600 புள்ளி. நாடும் வலயமும் சேர்ந்து 50 என்றால் 30,000. இனி இன்னொரு ஜேர்மன்காரரைத் தேடுவதா, இதுவரை பிடிக்காத ஒரு தீவைத் தேடுவதா? புது நாடு ஒன்று கிடைத்தால் அது மட்டுமே 600க்கு மேல் கூட்டும். இந்தக் கணக்கைத் தூக்கக் கலக்கத்தில் போடும் பிள்ளைக்கு பெருக்கல் வராது என்று யாராவது சொல்வார்களா?

இப்போது பயத்துக்கு வருவோம்.

எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். யுத்த காலத்தில் வயர்லெஸ் என்ற சொல்லுக்கே என்ன அர்த்தம் என்று இந்தக் கரையோரத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் வீடுகளில் என்னென்ன பொருளை எல்லாம் ஒளித்தோம், எரித்தோம் என்பதும் நமக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அது தப்பான இடத்தில் வந்து நிற்கிறது.

ஹாம் என்பவர் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் லைசன்ஸ் உள்ளவர். அழைப்புக் குறியைச் சொல்லித்தான் பேச வேண்டும். பேச்சின் கருத்தை மறைக்கும் இரகசியக் குறியீடு பாவிக்க சர்வதேச விதியே தடை போட்டிருக்கிறது. மோர்ஸ் இரகசியம் இல்லை, அது உலகத்துக்கே தெரிந்த எழுத்து. இந்தப் போட்டிக்கு அனுப்பும் பதிவுகள் முடிவுகளோடு இணையத்தில் பகிரங்கமாகப் போடப்படுகின்றன. எந்த நிமிடம், எந்த அலைவரிசையில், யாரோடு பேசினீர்கள் என்பது எல்லாம் அதில் இருக்கும். நம் கையில் இருக்கும் போனில் இந்தளவு வெளிப்படை உண்டா? சந்தேகத்துக்கு மருந்து ஒளிந்திருப்பது இல்லை. நாட்டின் பெயரோடு, அரசாங்கம் தந்த குறியோடு, எல்லோரும் கேட்கப் பேசுவதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லைசன்ஸ் இல்லாமல் ஒன்லைனில் வாக்கி டாக்கி எடுப்பித்து விளையாடும் தம்பிமாருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது சட்டவிரோதம். லைசன்ஸ் எடுங்கள் என்பதுதான் என் பேச்சே.

அடுத்தது வாட்ஸ்அப்.

2004 டிசம்பர் 26 அன்று இந்த ஊரில் எந்தப் போன் வேலை செய்தது? மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் யார் மிஞ்சினார்கள் என்று வெளியில் இருந்தவர்கள் எப்படி அறிந்தார்கள்? தெற்கில் ஹம்பாந்தோட்டையும் அன்று துண்டிக்கப்பட்டுத்தான் கிடந்தது. விக்டர் குணதிலக்க தலைமையில் இலங்கை ரேடியோ சங்கத்து ஹாம்கள்தான் சிற்றலை ரேடியோவைக் கொண்டு அதைக் கொழும்போடு இணைத்தார்கள். தூர தேசத்து நிலையங்களைத் தேடிப் பிடிக்கும் உலக ஹாம்கள் மத்தியில் பல வருடமாகத் தெரிந்த பெயர் அவருடையது.

அதே நாளில் அந்தமானில் பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண். அந்தமான் ஹாம்களுக்குக் கிடைக்காத அரிய இடம் என்பதால், உலகமெல்லாம் உள்ளவர்களுக்கு அந்தத் தொடர்பைக் கொடுக்கத்தான் குழுவோடு போர்ட் பிளேயர் போயிருந்தார். அதாவது உங்கள் பாஷையில் 'பைத்திய' வேலைக்கு. சுனாமி அடித்ததும் அந்த நிலையமே அவசர நிலையமாக மாறியது. தீவில் இருப்பவர்களின் செய்தி அந்த ரேடியோ வழியாக உறவினருக்குப் போனது. பெண் பிள்ளைகளுக்கு இது சரிவருமா என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்.

அவர்களால் அன்று ஏன் முடிந்தது? சாமான் தயாராக இருந்தது, கையும் காதும் பழகியிருந்தன. இரைச்சலுக்குள் ஒரு மெல்லிய குரலைப் பிரித்து எடுப்பது, எழுத்துப் பிசகாமல் குறிப்பது, எந்த நேரத்தில் எந்த அலைவரிசை திறக்கும் என்று அறிவது எல்லாம் புத்தகத்தில் வருவதில்லை. போட்டியில்தான் வருகிறது. அங்கே ஓர் எழுத்தைப் பிழையாக எழுதினால் அந்தத் தொடர்பின் புள்ளியும் போகும், மேலதிகமாகவும் வெட்டுவார்கள். காணாமல் போனவரின் பெயரை எழுதும் நாளில் அந்தப் பழக்கம் யாருக்கு உதவும்? எனக்குத் தெரிந்து நம் ஊரில் இந்த லைசன்ஸ் உள்ள ஒருவரும் இல்லை. சுனாமி முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் இல்லை. உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

படிப்பு கெடும் என்கிறீர்கள். சாதாரண தர விஞ்ஞானத்தில் அலைகள் ஓர் அலகு. மீடிறன், அலைநீளம், வேகம் மூன்றையும் மனப்பாடம் செய்து பரீட்சை முடிந்ததும் மறக்கிறார்கள். 20 மீற்றர் அலைக்கு வயர் அன்டெனா ஏன் சுமார் 10 மீற்றர், 10 மீற்றர் அலைக்கு ஏன் 5 மீற்றர் என்று ஒரு தடவை அளந்து வெட்டிய பிள்ளை மறக்காது. பகலில் உயிரோடு இருக்கும் 10 மீற்றர் அலைவரிசை பொழுது பட்டதும் ஏன் அடங்குகிறது, இரவில் 40 மீற்றர் ஏன் விழிக்கிறது என்று கேட்கத் தொடங்கினால் சூரியன் வரைக்கும் பாடம் போகும். 48 மணித்தியாலமும் இருந்தே ஆக வேண்டும் என்று விதியும் இல்லை. தொழப் போகலாம், தூங்கலாம், ஞாயிறு இரவோடு நிறுத்தி திங்கள் பாடசாலைக்கும் வரலாம். சூது என்று ஒருவர் எழுதியிருந்தார். கட்டணமும் இல்லை, பணப் பரிசும் இல்லை, கிடைப்பது சான்றிதழும் விருதுப் பலகையும். இதில் சூது எங்கே இருக்கிறது?

கடைசியாகக் காசு. இதில் நியாயம் இருக்கிறது. நல்ல ரேடியோ ஒன்று இலட்சத்தைத் தாண்டும். தனிப் பிள்ளையால் முடியாது. ஆனால் ஒரே நிலையத்தைப் பலர் மாறி மாறி இயக்குவதற்குப் போட்டியிலேயே பிரிவு உண்டு. 25 வயதுக்கு உட்பட்டோருக்கும் தனிப் பிரிவு உண்டு. மைதானத்தில் லைட் போட்டு டோர்னமென்ட் நடத்தி ஆளுயரக் கிண்ணம் கொடுக்க நம்மிடம் காசு இருக்கிறது. கிரிக்கெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய மாணவர் சங்கம் ஒரு வருடத்துக் கிண்ணக் காசை ஒதுக்கினால் பாடசாலைக்கு ஒரு ரேடியோவுக்குப் பாதி வழி வந்துவிடும். அன்டெனாவுக்கு வயரும் இரண்டு தென்னை மரமும் போதும்.

அதுவரை ஒரு சதமும் செலவில்லாமல் ஒன்று செய்யலாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் தன் சிற்றலை வாங்கியை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. போன் போதும். வருகிற ஒக்டோபர் கடைசி முழு வார இறுதியில், சனிக்கிழமை சுபஹ் முடிந்து பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஐரோப்பாவில் இருந்துகொண்டு கேட்பது போலத்தான் இருக்கும். பகல் ஏற ஏற மேல் அலைவரிசைகளுக்குப் போங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் அந்த நெரிசலுக்குள் "போர் எஸ் செவன்" என்று நம் நாட்டுக் குரல் ஒன்றும் கேட்கும்.

கேட்ட பிறகு வந்து என்னோடு சண்டை பிடியுங்கள். கொமன்ட் திறந்துதான் இருக்கிறது.