இன்டர்வியூ கேள்விகள்: எது விநோதம், எது விஷமம்?

கேம்பஸ் சீசன் வந்துவிட்டால் ஹாஸ்டலில் கண்ணாடி முன்னால் நிற்க இடம் கிடைக்காது. "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்ற ஒரே கேள்விக்கு நாற்பது பேர் ஒரே பதிலை ஒப்பித்துக் கொண்டிருப்பார்கள். உன் பலம் என்ன? கடின உழைப்பு. பலவீனம்? வேலையை முடிக்காவிட்டால் தூக்கம் வராது. (அதுவும் கடின உழைப்புதான் :-)) ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பாய்? உங்கள் கம்பெனியிலேயே சார்! கேட்பவருக்கும் தெரியும், சொல்பவனுக்கும் தெரியும், இரண்டுமே நடிப்பு என்று.

இதெல்லாம் வழக்கமான ரகம். இன்னொன்று விநோத ரகம். சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது? மைக்ரோசாஃப்ட் கேட்டதால் உலகப் புகழ் பெற்ற கேள்வி இது. ஒரு மீட்டர் சதுர ஓட்டையின் மூலைவிட்டம் ஏறக்குறைய 1.41 மீட்டர். அதனால் சதுர மூடியைத் திருப்பிப் பிடித்தால் உள்ளே விழுந்துவிடும். வட்டத்துக்கு எந்தப் பக்கமும் ஒரே அகலம், விளிம்பில் தாங்கிக் கொள்ளும். அழகான விடைதான். ஆனால் இது இப்போது எல்லா கைடிலும் இருக்கிறது. பதில் சொன்னவன் புத்திசாலியா, கைடு படித்தவனா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த வியாதி புதிதல்ல. 1921லேயே எடிசன் வேலைக்கு வருபவர்களுக்குப் பொது அறிவுக் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தார். பிரான்சைச் சுற்றியுள்ள நாடுகள் எவை என்கிற மாதிரி நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள். அதே வருஷம் அமெரிக்கா போயிருந்த ஐன்ஸ்டீனிடம் ஒலியின் வேகம் என்னவென்று கேட்டார்கள். புத்தகத்தில் கிடைப்பதைத் தலையில் சுமந்து திரிவதில்லை என்று சொல்லிவிட்டார். நாம் சொன்னால் அடுத்த ரவுண்டு கிடையாது!

கூகுளும் ஒரு காலத்தில் புதிர் போட்டு ஆளெடுத்தது. அங்கே ஆளெடுப்புக்குப் பொறுப்பாக இருந்த லாஸ்லோ போக் 2013ல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் உண்மையைப் போட்டு உடைத்தார். புதிர்களால் எதையுமே கணிக்க முடியவில்லை, கேட்பவர் தன்னைப் பெரிய அறிவாளியாக நினைத்துக்கொள்ளத்தான் அவை உதவின என்றார்.

சரி, எதுதான் உதவும்? எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மார்க் போடுவது. ஷ்மிட், ஹன்டர் என்ற இருவர் 1998ல் 85 வருஷத்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இப்படி முறையாக நடத்தும் நேர்காணல், வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலைவிட நன்றாகக் கணித்தது. 2022ல் சாக்கெட்டும் சகாக்களும் அதே கணக்கை மறுபடி போட்டபோது பல எண்கள் இறங்கின. ஆனால் முறையான நேர்காணல் முதலிடத்துக்கே வந்தது.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். விநோதக் கேள்வியால் கெட்டுப்போவது ஒரு மதியம்தான். சிரித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்கும் சில கேள்விகள்தான் ஆபத்து. "அப்பா என்ன வேலை?" "சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்?" "வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களா?"

என் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் டெக்னிக்கல் கேள்வி இரண்டே இரண்டு, கல்யாணக் கேள்வி நான்கு. கூடப் போன பையன்கள் ஒருத்தரிடமும் கல்யாணப் பேச்சு எழவில்லை. அவர்களுக்கெல்லாம் கல்யாணமே ஆகாதா என்ன? ஆளெடுப்பில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1976ல் வந்த சம ஊதியச் சட்டமே சொன்னது. 2019ன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. பிரிட்டனில் 2010ன் சமத்துவச் சட்டப்படி, வேலை தருவதாகச் சொல்வதற்கு முன்னால் உடல்நலம் பற்றிக் கேட்பதற்கே கட்டுப்பாடு உண்டு. இங்கே "அப்பா என்ன செய்கிறார்" என்பது நலம் விசாரிப்பது மாதிரி வந்துவிடுகிறது. ஊரின் எந்தப் பக்கம் என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பது நம் எல்லோருக்கும் புரியும். அதைக் கேட்ட பிறகு மார்க் எப்படி விழுகிறது என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை.

"பேச்சை இலகுவாக்கத்தான் கேட்கிறோம்" என்பார்கள். இலகுவாக்க நேற்றைய மேட்ச் இருக்கிறது, மழை இருக்கிறது. அப்பா சித்தாள் வேலைக்குப் போகிறார் என்று ஏசி அறையில் மூன்று பேர் முன்னால் சொல்கிற பையனுக்கு அது இலகுவாகவா இருக்கும்?

"எதிர்த்துப் பேசு" என்று நமக்கு அறிவுரை சொல்வது சுலபம். ஆனால் எஜுகேஷன் லோன் வாங்கிவிட்டு உட்கார்ந்திருப்பவனால் அது முடியாது. இதைச் செய்ய வேண்டியது கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் செல்கள். கம்பெனி வளாகத்துக்குள் வரும்போதே குடும்பம், கல்யாணம், ஊர்த்தெரு பற்றிக் கேட்கக்கூடாது என்று எழுதி வாங்கட்டும். இன்டர்வியூ முடிந்து வரும் ஒவ்வொருவரிடமும் என்ன கேட்டார்கள் என்று பேர் போடாத தாளில் குறித்து வாங்கட்டும். இரண்டு வருஷத் தாள்களைச் சேர்த்துப் பார்த்தாலே எந்தக் கம்பெனி யாரிடம் என்ன கேட்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு பைசா செலவில்லை.

அதுவரை கூட இருக்கிற நாம் ஒன்று செய்யலாம். வெளியே வருகிறவனிடம் "கிடைச்சுதா?" என்று மட்டும் கேட்காமல், "என்ன கேட்டாங்க?" என்றும் கேட்போம்.