கேம்ப் ஃபயர் இருக்கா, அண்ணா?

ஃபைனல் இயர் வந்தாச்சு. பிளேஸ்மென்ட் வந்ததோ இல்லையோ, உங்கள் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போல் கண்டிப்பாக வந்திருக்கும்: ஃபேர்வெல் ட்ரிப் எங்கே? எங்கள் குரூப்பில் மசினகுடி ஜெயித்தது. ரூம் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. உடனே லிஸ்ட் வந்தது: "கேம்ப் ஃபயர் இருக்கான்னு கேளு மச்சி. ஸ்பீக்கர் அலவ்டா? நைட் சஃபாரி உண்டா?"

செகண்ட் இயரில் இதே மூன்று கேள்வியையும் கேட்டவன் நான்தான். மூன்றுக்கும் "இருக்கு தம்பி" என்று ஒருவர் சொன்னார். போனோம். பாட்டுப் போட்டோம், விறகு எரித்தோம். ராத்திரி பத்து மணிக்குத் தலைக்கு 500 ரூபாய் கொடுத்து ஜீப்பில் ஏறினோம். ஒரு வளைவில் குட்டியோடு ஒரு யானை. டிரைவர் ஹெட்லைட்டை அணைக்கவில்லை. நாங்களும் போன் ஃபிளாஷை அணைக்கவில்லை. அது குட்டியைப் பின்னால் தள்ளிவிட்டு, தலையை ஆட்டியபடி இரண்டு அடி முன்னால் வந்தது. நாங்கள் விசில் அடித்தோம். அந்த வீடியோவை ரீல்ஸாகவும் போட்டேன். காட்டுக்குள் இரவு சஃபாரியே சட்டவிரோதம் என்று பிறகுதான் தெரிந்தது. டிரைவர் அண்ணாவை மட்டும் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கேட்டது நாங்கள்.

நாம் ரூம் போடும் இடம் எது என்று கொஞ்சம் பாருங்கள். முதுமலை 1940-லேயே சரணாலயம், 2007 முதல் புலிகள் காப்பகம். மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கிற இடம். ஒரு யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீவனம் வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் கிடைக்காது, நடந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நடைக்கு 'வலசை' என்று ஒரு தமிழ்ச் சொல் இருப்பதே இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்குப் போன வருஷம்தான் தெரியும். அந்த வலசைப் பாதையில்தான் காட்டேஜ், வேலி, ஃபோகஸ் லைட் எல்லாம் வந்தன. தமிழக அரசு 2010-ல் இதை யானை வழித்தடமாக அறிவித்தது. 2018-ல் அங்கே பல விடுதிகளுக்குச் சீல் வைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2020 அக்டோபரில் அந்த அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அடுத்த மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானை மேல் எரியும் பொருளை வீசினார்கள். தலையில் தீயோடு அது ஓடிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அது செத்துப்போனது. இரண்டு வருஷம் கழித்து, அதே தெப்பக்காட்டில் எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆஸ்கர் வாங்கியபோது நாம் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம்.

"ஒரு ராத்திரி பாட்டுப் போட்டா என்ன ஆகிடும்?" என்று கேட்பீர்கள். ஈசிஇ நண்பர்களுக்கு இது புரியும். யானைகள் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே, நம் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணிலும் பேசிக்கொள்கின்றன. நம் சப்வூஃபர் முழங்குவது அதற்குப் பக்கத்தில்தான். நமக்கு ஒரு ராத்திரி. அந்த விடுதிக்கு ஒவ்வொரு வீக்கெண்டும் நம்மைப் போல ஒரு கும்பல் வரும். அதோடு ஃபேர்வெல் ட்ரிப் எப்போது? மார்ச், ஏப்ரல். காடு காய்ந்து கிடக்கும் மாசம். 2019 பிப்ரவரியில் பக்கத்து பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தது. தீ பயத்தால் இந்தச் சீசனில் சஃபாரியையே நிறுத்திவைப்பதும் உண்டு. அந்த நேரத்தில் நமக்குக் கேம்ப் ஃபயர் கேட்கிறது.

அப்போ போகவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. அங்கே ஜீப் ஓட்டுகிறவர், சமைக்கிறவர், ரூம் கூட்டுகிற அக்கா எல்லோருக்கும் நாம் வந்தால்தான் வருமானம். விடுதிகளை மூடினபோது அடி விழுந்தது அவர்கள் வயிற்றிலும்தான். ஆனால் நாம் எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதைத்தான் அவர்கள் விற்பார்கள். நாம் கேட்பது மாறினால் விற்பதும் மாறும்.

அதனால் இந்த முறை போனில் நான் முதலில் கேட்டது, "நைட் சஃபாரி அரேஞ்ச் பண்ணுவீங்களா, அண்ணா?" இருக்கு என்று சொன்ன மூன்று இடத்தையும் உடனே லிஸ்டில் இருந்து அடித்துவிட்டேன். நீங்களும் இப்படி வடிகட்டுங்கள். அடுத்து, அரசு அனுமதி இருக்கிறதா, காப்பியைக் காட்டுவார்களா என்று கேளுங்கள். ராத்திரி வெளி விளக்கை அணைப்பார்களா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் வனத்துறையின் சொந்த ரூம்களே இருக்கின்றன: தெப்பக்காட்டில் லாக் ஹவுஸ், சில்வன் லாட்ஜ், கொஞ்சம் தள்ளி அபயாரண்யம். ரூம்கள் குறைவு, சீக்கிரம் புக் பண்ண வேண்டும். காலையில் வனத்துறை வண்டியில் சஃபாரி போகலாம். 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும், மறக்காதீர்கள். மைசூர் பக்கமிருந்து வந்தால், இரவு 9 முதல் காலை 6 வரை காட்டுச் சாலை மூடியிருக்கும். அதற்கு முன்னால் வந்து சேருங்கள்.

இதையெல்லாம் குரூப்பில் போட்டேன். "அப்போ அங்க போய் என்னடா பண்றது?" என்று ஒருத்தன் கேட்டான். இரண்டு பேர் ட்ரிப்பில் இருந்தே கழன்றுகொண்டார்கள். மீதி ஒன்பது பேர் வருகிறோம், ஸ்பீக்கர் இல்லாமல். போர் அடிக்குமா என்று எனக்கும் கொஞ்சம் பயம்தான். ஆனால் அந்தக் குட்டி யானை வீடியோவை டெலீட் பண்ணிவிட்டு அதே ஊருக்குத் திரும்பப் போக, எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உங்கள் குரூப்பிலும் போல் ஓடிக்கொண்டிருந்தால், ரூம் பார்க்கிறவரிடம் இதைக் காட்டுங்கள்.