தரிசு நிலமா, வானம்பாடியின் வீடா?



உங்கள் ஊர் மேய்ச்சல் வெளியில் ஒரு நாள் காலையில் சற்று நேரம் நின்று பாருங்கள். குருவியளவே உள்ள பறவை ஒன்று சிறகடித்து மேலே ஏறும். பிறகு சிறகை மடக்கி, நீண்ட சீழ்க்கையொலியுடன் கீழே பாயும். தரையில் மோதிவிடுமோ என்று நாம் அஞ்சும் வேளையில், பாய்ந்த வேகத்திலேயே மீண்டும் மேலே எழும்பும். அதுதான் சாம்பல் தலை வானம்பாடி. இந்தியத் துணைக்கண்டத்துச் சமவெளிகளே அதன் தாயகம்.

ஆண் பறவையின் வயிறும் மார்பும் கருப்பு, கன்னம் வெண்மை, தலையும் முதுகும் சாம்பல் நிறம். பெண் பறவையோ மண்ணின் பழுப்பு நிறமே கொண்டது. பருத்த குட்டையான அலகைக் கண்டு இதைச் சிட்டுக்குருவி என்று எண்ணுவோரும் உண்டு. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நடத்தையைக் கவனியுங்கள். மரத்திலும் புதரிலும் இது அமராது. தரையில் பதுங்கினால் கண்ணுக்கே புலப்படாது.

பெயர் தெரிந்தால் போதுமா? 'ஏன்' என்று கேட்க வேண்டாமா? உயரத்தில் சேர்ந்த நிலை ஆற்றல், பாயும்போது இயக்க ஆற்றலாக மாறுகிறது. அதைக் கொண்டே பறவை மீண்டும் மேலேறுகிறது. காற்றின் தடையால் இழந்ததை மட்டும் சிறகடித்து ஈடுசெய்கிறது. ஊஞ்சலை உந்துவதும் இப்படித்தானே! வெயிலில் தரையையொட்டிய காற்று சூடாகும்போது, ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும். தரையிலிருந்து பாடினால் வெகுதூரம் கேட்காது. மரமில்லாத வெளியில் வானமே இதற்கு மேடை.

இனி என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், மரக்கன்றுகள் நட என் மாணவர்களை ஒரு புல்வெளிக்கு அழைத்துச் சென்றேன். "சும்மா கிடக்கும் நிலம்" என்று நானே சொன்னேன். குழி தோண்டக் கடப்பாரையை ஓங்கிய மாணவர் சட்டென நிறுத்தினார். அவர் காலடியில், மண்கட்டியின் ஓரமாக ஒரு சிறு பள்ளம். அதில் இரண்டு முட்டைகள்! அன்று கன்றுகளுடன் திரும்பிவிட்டோம். இயற்பியலில் 'முதலில் உற்றுநோக்கு' என்று போதிக்கும் நான், அந்த நிலத்தை ஒருமுறைகூட உற்றுநோக்கியிருக்கவில்லை.

இத்தகைய நிலங்களை நாம் 'தரிசு' என்கிறோம். மத்திய அரசு 2019இல் வெளியிட்ட தரிசுநில வரைபடத் தொகுப்பிலும் புதர் நிலங்கள் ஒரு வகையாக இடம்பெற்றுள்ளன. பயிர் விளையாத இடம் பயனற்ற இடம் ஆகிவிடுமா? ஆடுமாடுகளுக்கு அது மேய்ச்சல். வானம்பாடிக்கு அது வீடு. மரம் நடுவது நல்ல செயலே. சாலையோரத்திலும் பள்ளி வளாகத்திலும் தாராளமாக நடுங்கள். காடு அழிந்த இடத்தில் மீண்டும் காடு வளர்க்கலாம். ஆனால் புல்வெளியைத் தோப்பாக்கினால், திறந்த வெளியையே நம்பி வாழும் பறவை எங்கே போகும்?

அடுத்த முறை உங்கள் பள்ளியில் மரம் நடக் கிளம்பும்போது, ஒரு வாரம் முன்னதாகவே ஒரு குறிப்பேட்டுடன் அந்த இடத்திற்குச் செல்லுங்கள். கூடு கண்டால் தொடாமல் விலகி நில்லுங்கள். கண்டதை எழுதி உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். கடப்பாரைக்கு முன் குறிப்பேடு செல்லட்டும்!