காஞ்சனாவாக நடிக்க ஒரு திருநங்கை கிடைக்கேல்லையா?

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில எங்கட ஒழுங்கையால ஒரு அக்கா போவா. அவவைக் கண்டால் பெடியள் "காஞ்சனா" எண்டு கத்துவாங்கள். நானும் கத்தியிருக்கிறன். அவ ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவவின்ர சொந்தப் பெயர் எனக்கு இண்டைக்கும் தெரியாது.

போன கிழமை அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தன். ராகவா லோரன்ஸின் இந்தப் பேய்ப்படத் தொடர் 2007 இல் 'முனி'யோடு தொடங்கியது. 2011 இல் 'காஞ்சனா', 2015 இலும் 2019 இலும் அடுத்த பாகங்கள். கதை எப்பவும் ஒண்டுதான். அநியாயமாகக் கொல்லப்பட்ட ஆள் பேயாகி, பயந்தாங்கொள்ளிக் கதாநாயகனின் உடம்புக்குள்ள புகுந்து பழிவாங்கும்.

'காஞ்சனா'வில் அந்த ஆள் ஒரு திருநங்கை. நடித்தவர் சரத்குமார். பெரிய நடிகர்கள் தொடத் தயங்கும் வேடத்தை அவர் கேலியில்லாமல் செய்தார், அதை மறுக்கேலாது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளையைக் காஞ்சனா எடுத்து வளர்த்து டொக்டருக்குப் படிப்பிக்கிற இடத்தில எங்கட அம்மா அழுதவ.

ஆனால் காஞ்சனா உயிரோட இருக்கேக்க சரத்குமார், செத்த பிறகு லோரன்ஸின் உடம்பு. ஒரு திருநங்கையின் கதையை இரண்டு ஆண் நட்சத்திரங்கள் பங்குபோட்டிருக்கினம். அதோட, சரத்குமார் வாற பகுதி கொஞ்ச நேரம்தான். மிச்சப் படம் முழுக்க, சீலை கட்டின ஆம்பிளையைப் பார்த்துப் பயப்படுறதும் சிரிக்கிறதும். எங்கட ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தது அந்தச் சிரிப்புத்தான்.

"நடிப்பெண்டால் வேற ஆளாக மாறுறதுதானே?" எண்டு கேப்பீங்கள். எங்கட கூத்திலயும் ஆண்கள்தான் பெண் வேடம் கட்டினவை, அருமையாகவும் ஆடினவை. பிறகு ஏன் பெண்கள் மேடைக்கு வரவேண்டி இருந்தது? ஆண்கள் மோசமாக ஆடினதால இல்லை. தங்கட கதை நடக்கிற மேடையில தங்களுக்கும் இடம் வேணும் எண்டதாலதான். திருநங்கைகள் கேக்கிறதும் அதுதான்.

"நடிக்க ஆள் இல்லை" எண்டதும் சரிவராது. 2019 இல் திரைக்கு வந்த ராமின் 'பேரன்பு'வில் மம்மூட்டிக்கு எதிரே அஞ்சலி அமீர் எண்ட திருநங்கையே நடிச்சவ. அவவைப் பார்த்து யாரும் பயப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அதே வருசம் வந்த 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் திருநங்கையாக நடித்த விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது கிடைச்சது. அவர் நல்லாய்த்தான் நடித்தார். ஆனால் ஒரு ஆண் நடிகருக்கு அது பல வேடங்களில் ஒண்டு. ஒரு திருநங்கை நடிகைக்கு அந்த ஒண்டும் கிடைக்காமல் போகுது.

இப்ப நாலாவது 'காஞ்சனா' தயாராகுதாம். அதில திருநங்கைப் பாத்திரம் வருமோ தெரியாது. வந்தால் ஒரு திருநங்கைக்கே குடுங்கோ. பேயாக மட்டும் இல்லாமல், படம் முடியுமட்டும் உயிரோட இருக்கிற ஆளாகவும் குடுங்கோ.

அந்த அக்காவை இப்பவும் இடைக்கிடை பஸ்ஸில காணுறனான். பக்கத்து சீற்றில ஒருத்தரும் இருக்கிறேல்லை. அடுத்தமுறை நான் போய் இருந்து, பெயரைக் கேக்கவேணும்.