தாளம் வேண்டும், சொல் மட்டும் வேண்டாமா?

போன கல்வியாண்டில் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரிக் கலைவிழாவுக்கு நடுவராகப் போயிருந்தேன். ராப் போட்டிக்குப் பெயர் கொடுத்த ஒரு மாணவன் தன் வரிகளை முன்கூட்டியே எழுதித் தந்திருந்தான். அப்பா பறையடிப்பவர். சாவு வீட்டில் விடிய விடிய அடித்துவிட்டு, வாசலுக்கு வெளியே நின்று கூலி வாங்குவதைப் பற்றிய பாட்டு. ஏற்பாட்டுக் குழு இரண்டு வரிகளை அடித்திருந்தது. இரண்டிலும் 'காலனி' என்ற சொல் இருந்தது. "கவர்ன்மென்டே அந்த வார்த்தைய எடுத்துட்டாங்க சார், நாம எப்படி மேடையில விடுறது?" என்றார் பொறுப்பாளர். பையன் பாடாமலே போய்விட்டான். அன்று இரவு 'என்ஜாய் எஞ்சாமி' ஒலித்தபோது அதே பொறுப்பாளர் எழுந்து நின்று கைதட்டினார். நான் மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். சரியான முடிவு. ஆனால் அது, அடுத்தவன் நம்மை அந்தப் பெயரில் இழிவுபடுத்தக் கூடாது என்பதற்கான முடிவு. அங்கே வாழ்கிறவன் தன் வாழ்க்கையைச் சொல்லக் கூடாது என்பதற்கானது அல்ல. சொல் போய்விட்டது, ஊரும் சேரியும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளன்று, தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. அறிவும் ஆஃப்ரோவும் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டதும் அதே 2019இல்தான். எங்கள் பிள்ளைகள் கல்லூரிப் பேருந்தில் அதைக் கேட்டுக்கொண்டு போனது பொழுதுபோக்குக்காக மட்டுமல்ல.

'என்ஜாய் எஞ்சாமி'க்கு நடந்ததையே பாருங்கள். 2021 மார்ச்சில் வந்த பாட்டு. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அறிவு எழுதியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. கேள்வி எழுந்த பிறகே அவருக்குத் தனி டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28, சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் சொன்னார்கள். இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் விளக்கம் தேவைப்படுவது ஏன் அறிவுக்கு மட்டும்?

பறையை இவர்கள் என்றைக்கும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சாவுக்கு வேண்டும், சாமி ஊர்வலத்துக்கு வேண்டும், இப்போது கலைவிழா வரவேற்புக்கும் வேண்டும். அடிப்பவன் வாய் திறக்கக் கூடாது, அவ்வளவுதான். ராப் அந்த ஏற்பாட்டைக் கெடுக்கிறது. 1973இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கறுப்பின இளைஞர்களின் விருந்தொன்றில் தொடங்கிய இந்தக் கலையில், தாளம் சொல்லுக்கு வேலை செய்கிறது. சொல்லை வெட்டிவிட்டால் மிஞ்சுவது டிஜே செட்.

"இசைக்குச் சாதி ஏது தோழர்?" என்று கேட்பவர்கள் யூடியூபில் 'ஆண்ட பரம்பரை' என்று தேடிப் பார்க்கலாம். அரிவாளும் புல்லட்டுமாக, சாதிப் பெருமை பேசும் ராப்பும் அங்கே கிடைக்கும். எங்கள் வட்டாரக் கல்யாண மண்டபங்களில் அவற்றைக் கேட்டிருக்கிறேன். எந்தக் குழுவும் அதில் ஒரு வரியை அடித்துப் பார்த்ததில்லை. ராப் தன்னாலேயே சாதி ஒழிப்புக் கலையாகிவிடும் என்று நம்மில் சிலர் மெத்தனமாக இருப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆண்டு கலைவிழாவுக்கும் என்னை அழைத்திருக்கிறார்கள். வருகிறேன், ஆனால் யாருடைய எந்த வரியை ஏன் நீக்கினீர்கள் என்பதை மேடையிலேயே அறிவிக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். மூன்று வாரமாகிறது, பதில் இல்லை.