மாத்திரையும் மசக்கையும்

ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் போயிருந்தேன். கோமதியம்மன் சந்நிதியில் நெற்றியில் புற்றுமண் துலங்க ஓர் அம்மாள், கூடவே அவருடைய மருமகள். பெண்ணின் முகத்தில் சோர்வு. பேச்சுக் கொடுத்தேன்.

"இவளுக்குச் சின்ன வயசிலேருந்து வலிப்பு உண்டும்மா. இப்ப மூணு மாசமா முழுகாம இருக்கா. மாத்திரை பிள்ளையோட மரபணுவையே மாத்திப்போடும்னு சொல்லுதாக. அதான் நிறுத்திட்டோம்."

"எத்தனை நாளாயிற்று?"

"எட்டு நாளாச்சு. நேத்து ராத்திரி ரெண்டு தடவை வந்துட்டு."

எனக்குப் பகீரென்றது. கேள்விப்பட்டதில் பாதி உண்மை இருக்கிறது, சகோதரிகளே. பாதி உண்மைதான் எப்போதும் ஆபத்தானது.

மரபணு என்பது நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கும் சமையல் குறிப்புப் புத்தகம் என்று வைத்துக் கொள்ளுங்கள். நான்கே எழுத்துக்களால் ஆன நூல். ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்கள். சில ரசாயனங்கள் அந்த எழுத்தையே மாற்றிவிடும். ஈரத்தில் கிடந்து பூஞ்சணம் பூத்த நிலக்கடலையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு அத்தகையது. ஈரலில் உள்ள ஒரு காவல் மரபணுவின் எழுத்தைத் திருத்தி, புற்றுநோய்க்கு வழி வைக்கும். பூத்த கடலையை வறுத்தால் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள், கொட்டிவிடுங்கள்.

வேறு சில மருந்துகள் எழுத்தைத் தொடுவதில்லை. எந்தப் பக்கத்தை எப்போது திறப்பது என்பதில்தான் குழப்பம் செய்யும். தறி ஓடும் ஊரில் இதை விளக்குவது சுலபம். மரபணு நூல், நூற்கண்டில் சுற்றியது போலப் புரதங்களின் மேல் சுற்றப்பட்டிருக்கிறது. இறுகச் சுற்றிய பகுதி வேலை செய்யாது. தளர்ந்த பகுதி வேலை செய்யும். கருவில் எந்த நாளில் எது இறுக வேண்டும், எது தளர வேண்டும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு.

அந்தப் பெண் பையிலிருந்து எடுத்துக் காட்டிய அட்டையில் சோடியம் வால்ப்ரோயேட் என்றிருந்தது. வலிப்புக்கு நல்ல மருந்துதான். ஆனால் நூலை இறுகச் சுற்றும் என்சைமை இது தடுக்கிறது என்று 2001-ல் கண்டுபிடித்தார்கள். கருவுக்கு இது செய்யும் தீங்குக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பிறவிக் குறையோடு பிறக்கின்றன. கர்ப்பத்தில் இம்மருந்தை உட்கொண்டவர்களுக்கு அது பத்து அளவில் இருக்கிறது. பேச்சும் படிப்பும் பின்தங்குவது இன்னும் அதிகம். அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும்.

இதில் கொடுமை என்னவென்றால், முதுகுத்தண்டாக வளரவேண்டிய குழல் கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. 'தள்ளிப் போயிருக்கிறதோ' என்று நாம் விரலை மடக்கி எண்ணும்போதே அந்த வேலை முடிந்துவிடுகிறது! மூன்றாம் மாதத்தில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தி, முடிந்துபோன அந்த வேலையைத் திருத்த முடியாது. வலிப்புத்தான் மூர்க்கமாகத் திரும்பும். தாய்க்கும் சிசுவுக்கும் மூச்சு முட்டும். உயிருக்கே கேடு வரலாம்.

அப்படியானால் வழி? கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசுவதுதான். குறைந்த ஆபத்துள்ள வேறு மருந்துக்குப் பையப்பைய மாற்றலாம். கரு உண்டாவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிடச் சொல்வார்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1998 முதல் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளுக்கென்றே பதிவேடு வைத்துக் கவனித்து வந்திருக்கிறார்கள். இத்தகைய பதிவேடுகள் சொல்லும் நல்ல செய்தி: வலிப்புள்ள தாய்மார்களில் பத்துக்கு ஒன்பது பேர் குறையற்ற குழந்தையையே பெறுகிறார்கள்.

ஆனால் முன்பே பேசுவது எப்படி? கல்யாணத்தின்போதே நோயை மறைத்துவிடுகிறோமே! புகுந்த வீட்டில் அரிசிப் பானைக்குள் மாத்திரையை ஒளித்து வைத்து விழுங்கும் பெண், மருத்துவரிடம் எப்போது போவாள்? வலிப்பு நோயைக் காட்டித் திருமணத்தையே ரத்து செய்யக் கேட்க இந்துத் திருமணச் சட்டத்தில் இருந்த இடம் 1999-ல் நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் விட்டுவிட்டது; நாம்தான் இன்னும் விடவில்லை.

அன்று மாலையே மூவரும் மருத்துவரிடம் போனோம். அவர் திட்டவில்லை. மாத்திரையை மீண்டும் தொடங்கி, அளவை ஒழுங்கு செய்து, ஸ்கேனுக்கு நாள் குறித்தார். வெளியே வந்ததும் மாமியார், "நான்தாம்மா நிறுத்தச் சொன்னேன்" என்று கண்ணைத் துடைத்துக் கொண்டார். மருமகள் அவர் கையைப் பிடித்து, "நீங்க நல்லதுக்குத்தானே அத்தை சொன்னீங்க" என்றாள்.

நல்லதுக்குத்தான். ஆனாலும் சகோதரிகளே, மாத்திரையைத் தொடங்குவதானாலும் நிறுத்துவதானாலும் அக்கம்பக்கத்தைக் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்கள்.