கறுப்பாக இருந்தால்தான் கிடாரா?

சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், மொட்டைமாடியில் சொந்தமாக கிடார் செய்கிறார். விரல் ஓடும் ஃப்ரெட் பலகைக்காக ஆப்பிரிக்கக் கருங்காலி வரவழைத்தார். வந்த துண்டில் பழுப்பு வரிகள். ‘திருப்பி அனுப்பப் போறேன் சார். முழுக் கறுப்புதான் வேணும்’ என்றார்.

எனக்குச் சுரீரென்றது. பெண் பார்க்கப் போனால் சிவப்பு வேண்டும்; மரம் பார்க்கப் போனால் கறுப்பு வேண்டும். என்ன ஜனங்களய்யா நாம்!

2011-ல் டெய்லர் கிடார் கம்பெனியின் பாப் டெய்லர், ஒரு ஸ்பெயின் நிறுவனத்தோடு சேர்ந்து காமரூனில் கருங்காலி ஆலை ஒன்றை வாங்கினார். அங்கே அவருக்குக் கிடைத்த கணக்கு: பத்து மரத்தைச் சாய்த்தால் ஒன்றுதான் முழுக் கறுப்பு. வெட்டினால்தான் நிறமே தெரியும். வரி ஓடிய மரங்கள் வாங்க ஆளில்லாமல் காட்டிலேயே மக்கின. அதன்பிறகு அவர் வரி மரத்தையும் தன் கிடார்களில் பொருத்த ஆரம்பித்தார்.

நான் பி.காம். படித்தவன். பத்து வாங்கி ஒன்பதைக் கொட்டினால், ஒன்பதின் விலையும் மிஞ்சிய ஒன்றின் தலையில்தான் ஏறும். காட்டுக்கு மட்டும் அந்த பில்லை யாரும் போடுவதில்லை.

நண்பரே, மரம் நன்றாகக் காய்ந்திருக்கிறதா, நார் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். காயாத பலகை சுருங்கினால் ஃப்ரெட் கம்பி முனை வெளியே நீட்டிக் கையைக் கீறும். வரி யாரையும் கீறாது.

தன் இனத்தையே வெட்டும் கோடரிக்குக் காம்பாகப் போனதால்தான் துரோகிக்குக் ‘கருங்காலி’ என்று பேர் வந்தது என்பார்கள். ஒன்பதை மக்கவிட்டு ஒன்றில் பாட்டு வாசிக்கிற நமக்கு என்ன பேர்?